சீருடையில் இருந்தபடி ஆன்லைன் எம்.பி.ஏ.: கணக்கு இடிக்கும் இடங்கள்

'வேலையில் இருப்பவர்களுக்காகவே உருவானது, இரண்டே ஆண்டில் எம்.பி.ஏ.' என்று விளம்பரம் சொல்லும். நம்புவதற்கு முன் ஒரு பெருக்கல் கணக்குப் போட்டுவிடுவது நல்லது. அமெரிக்க முறையில் ஒரு கிரெடிட் என்பது சுமார் 15 வார செமஸ்டரில் வாரத்துக்கு ஒரு மணி நேர வகுப்பும், அதற்கு வெளியே குறைந்தது இரண்டு மணி நேரப் படிப்பும். மூன்று கிரெடிட் பாடம் ஒன்றுக்கு வாரம் 9 மணி, மொத்தம் 135 மணி. 36 கிரெடிட் எம்.பி.ஏ. என்றால் பன்னிரண்டு பாடம், 1,620 மணி நேரம். பிரிட்டனில் முதுநிலைப் பட்டத்துக்கு 180 கிரெடிட், ஒவ்வொன்றுக்கும் பத்து மணி, ஆக 1,800. ஐரோப்பியக் கிரெடிட் ஒன்றுக்கு 25 முதல் 30 மணி. எந்த வழியில் சுற்றி வந்தாலும் ஏறக்குறைய இதே இடத்தில்தான் வந்து நிற்போம்.

1,620 மணியை இரண்டு ஆண்டில் முடிக்க, ஒரு வாரம்கூட விடாமல் வாரம் பதினைந்தரை மணி படிக்க வேண்டும். படை அதிகாரிக்கு அது தேறுமா? வேலை நாள் ஐந்திலும் ஒன்றேகால் மணி, விடுமுறை நாளில் நாலு மணி என்று இழுத்துப் பிடித்தால் வாரம் பத்து மணி கிடைக்கும். அப்படியானால் 162 வாரம். களப்பயிற்சி, ஆய்வுக்கு வரும் மேலதிகாரிகள், பணியிட மாற்றம், திடீர் அழைப்பு என்று வருடத்தில் பத்து வாரம் கரைந்தால் மிஞ்சுவது 42. 162-ஐ 42-ஆல் வகுத்தால் நான்கு ஆண்டுக்குச் சற்றே குறைவு. நேர்மையான விடை அதுதான். இரண்டு ஆண்டில் முடிக்கும் அதிகாரிகளும் உண்டு. பெரும்பாலும் அவர்கள் அலுவலக நேரம் ஒழுங்காக இருக்கும் தலைமையகப் பதவியில் இருந்திருப்பார்கள், அல்லது வீட்டில் வேறொருவர் அந்த நேரத்துக்கு விலை கொடுத்திருப்பார்.

நான்கு ஆண்டு என்று ஒப்புக்கொண்டுவிட்டால் பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுக்கும் அளவுகோலே மாறிவிடுகிறது. அந்த நான்கு ஆண்டில் குறைந்தது ஒரு இடமாற்றம் வரும். ஒரு டெப்லாய்மென்ட்டும், அதாவது களப்பணிக்கு வெளியே அனுப்பப்படுவதும், வரலாம். ஆகவே முதலில் கேட்க வேண்டியது தரவரிசை எண்ணை அல்ல, படிப்பை நிறுத்தினால் என்ன ஆகும் என்பதை.

நிறுத்தும் விதிகள்

சேர்க்கை அலுவலகத்திடம் நான்கு கேள்விகளைக் கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்க வேண்டும். தொலைபேசியில் சொன்னது பிற்பாடு எதற்கும் உதவாது. பட்டத்தை முடிக்க அதிகபட்சம் எத்தனை ஆண்டு? இடைவிடுப்பு எடுத்தால் அந்தக் கடிகாரம் நிற்குமா, ஓடிக்கொண்டே இருக்குமா? ஒரு பருவம் சும்மா இருந்தால் சேர்க்கை தானாக ரத்தாகுமா? திரும்பி வரும்போது பழைய பாடத்திட்டமா, புதியதா? கடைசிக் கேள்வியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். நிறுவனம் நடுவே பாடத்திட்டத்தை மாற்றி, முடித்த பாடம் ஒன்றைப் பட்டியலிலிருந்தே தூக்கிவிட்டால் 135 மணி நேரம் காற்றோடு போகும்.

பாடத்தின் நடுவே அழைப்பு வந்தால் மூன்று கதவுகள் உண்டு. பருவத் தொடக்கத்தில் சில நாள்களுக்குள் பாடத்தை விட்டுவிட்டால் மதிப்பெண் பட்டியலில் சுவடே இருக்காது. அதற்குப் பிறகு விலகினால் 'டபிள்யூ' என்று பதியும். சராசரியைக் கெடுக்காது, ஆனால் திருப்பித் தரும் கட்டணம் வாரத்துக்கு வாரம் குறைந்துகொண்டே வரும். மூன்றாவது 'இன்கம்ப்ளீட்'. பெரும்பகுதி வேலை முடிந்து, கடைசி ஒன்றிரண்டு அசைன்மென்ட் மட்டும் பாக்கி இருந்தால் ஆசிரியர் அதைத் தரலாம். இதுதான் பொறி. இன்கம்ப்ளீட்டுக்கு ஒரு காலக்கெடு உண்டு. அது கடந்ததும் பல இடங்களில் தானாகவே தோல்வி மதிப்பெண்ணாக மாறிவிடும். ஆறு மாதம் இணையமில்லாத இடத்துக்குப் போகிறவர் இன்கம்ப்ளீட் கேட்பதைவிட விலகிவிடுவது மேல். பாடத்தை மீண்டும் எடுக்கலாம். எஃப் மதிப்பெண்ணை அழிப்பது கடினம்.

விலகுவதற்கு ஆதாரமாக உத்தரவின் நகலைக் கேட்பார்கள். அப்படியே அனுப்பிவிடக் கூடாது. இடம், பிரிவு, பணியின் பெயர் எல்லாம் அதில் இருக்கும். 'இன்ன தேதியிலிருந்து இன்ன தேதி வரை பணி நிமித்தம் படிப்பில் பங்கேற்க இயலாது' என்று மட்டும் கமாண்டிங் ஆபீசர் கையெழுத்திட்ட கடிதம் போதும். தேதியே ரகசியமாக இருக்கும் சந்தர்ப்பத்தில் 'மறு அறிவிப்பு வரை' என்று எழுதிக்கொள்ளலாம்.

அமெரிக்காவில் கூட்டாட்சி மாணவர் உதவி பெறும் கல்லூரிகளைச் சட்டமே கட்டுப்படுத்துகிறது. 30 நாளுக்கு மேற்பட்ட படைப்பணிக்காகப் படிப்பை விட்டவரை, அதே கல்வி நிலையில் மீண்டும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அப்படி விட்ட காலம் மொத்தம் ஐந்து ஆண்டைத் தாண்டக் கூடாது, பணி முடிந்து மூன்று ஆண்டுக்குள் திரும்பும் எண்ணத்தைத் தெரிவிக்க வேண்டும் என்பவை நிபந்தனைகள். பிற நாடுகளில் இவ்வளவு தெளிவான பாதுகாப்பு இல்லாவிட்டால், அந்தப் பாதுகாப்பைச் சேரும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்க வேண்டியதுதான்.

அங்கீகாரம், பணம், அனுமதி

அங்கீகாரத்தில் இரண்டு அடுக்கு. முதலாவது, நிறுவனம் அந்த நாட்டில் பட்டம் வழங்கவே உரிமை பெற்றதா என்பது. இந்தியாவில் பல்கலைக்கழக மானியக் குழுவின் தொலைதூரக் கல்விப் பிரிவு வெளியிடும் பட்டியலில் அந்தப் பல்கலைக்கழகம் மட்டுமல்ல, அந்தப் படிப்பும், சேரும் ஆண்டும் இருக்க வேண்டும். அப்படி அங்கீகாரம் பெற்ற ஆன்லைன் பட்டம் நேரடி வகுப்புப் பட்டத்துக்குச் சமம் என்று மானியக் குழு 2022-இல் அறிவித்தது. இரண்டாவது அடுக்கு வணிகக் கல்விக்கே உரியது: 1916-இல் தொடங்கிய ஏ.ஏ.சி.எஸ்.பி., ஐரோப்பாவின் ஈக்விஸ், பிரிட்டனின் ஆம்பா. முதல் இரண்டும் கல்வி நிறுவனத்தைச் சோதிக்கின்றன, ஆம்பா படிப்பைச் சோதிக்கிறது. படையில் பதவி உயர்வுக் கோப்பில் ஒரு வரி சேர்வதுதான் நோக்கம் என்றால் முதல் அடுக்கே போதும். ஓய்வுக்குப் பிறகு பெருநிறுவன வேலை என்றால் இரண்டாவதையும் பார்க்க வேண்டும்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக. படை கட்டணம் கொடுத்தால், அது பெரும்பாலும் சேவைக் காலத்தால் வசூலிக்கப்படும். அமெரிக்கப் படை செமஸ்டர் கிரெடிட் ஒன்றுக்கு 250 டாலர் வரை உதவுகிறது. முழுநேரப் பணியில் உள்ள அதிகாரி அதை வாங்கினால், அப்படி வாங்கிய கடைசிப் பாடம் முடிந்ததிலிருந்து இரண்டு ஆண்டு பணியில் இருந்தாக வேண்டும். இந்தக் 'கடைசிப் பாடம்' என்ற சொல்லில்தான் பலர் வழுக்குகிறார்கள். ஒவ்வொரு புதிய பாடமும் கடிகாரத்தை மறுபடி முதலிலிருந்து ஓட்டுகிறது. படையிலிருந்து விலகும் தேதியை மனத்தில் முடிவு செய்தவர், அதற்கு இரண்டு ஆண்டு முன்பே உதவித்தொகையை நிறுத்திவிட்டு மீதிப் பாடங்களுக்குச் சொந்தப் பணம் கட்டுவதுதான் வழி.

அனுமதி வாங்காமல் சேரக் கூடாது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகமானால் இரட்டிப்பாகக் கூடாது. விண்ணப்பத்தில் பாடப் பெயர், நிறுவனம், காலம், செலவு யாருடையது, பணி நேரம் பாதிக்கப்படாது என்ற உறுதி ஆகிய ஐந்தும் இருந்தால் கோப்பு திரும்பி வராது. அதே கோப்பில் இன்னொன்றையும் முன்கூட்டியே தீர்த்துக்கொள்ளலாம். பல எம்.பி.ஏ. படிப்புகளில் உண்மையான நிறுவனம் ஒன்றுக்கு ஆலோசனை சொல்லும் திட்டப்பணி உண்டு. அந்த நிறுவனம் படைக்குப் பொருள் விற்பதாக இருந்தால், கொள்முதலில் கையெழுத்திடும் அதிகாரிக்கு அது நலமுரண். ஊதியம் இல்லாவிட்டாலும் முரண் முரண்தான்.

எந்தப் பாடம் எப்போது

எட்டு வாரப் பருவம், பதினைந்து வாரப் பருவம் என்று இரண்டு வகை உண்டு. அதே 135 மணியை எட்டு வாரத்தில் அடைத்தால் வாரம் 17 மணி. பயிற்சி முகாமுக்குப் போன ஒரு வாரம், பாடத்தில் எட்டில் ஒரு பங்கு. ஆனாலும் ஆண்டு அட்டவணை முன்கூட்டியே தெரிந்த பிரிவில் எட்டு வாரமே வசதி: இரண்டு களப்பயிற்சிகளுக்கு நடுவே ஒரு பாடத்தை முழுசாகப் பொருத்திவிடலாம், தவறினாலும் இழப்பு ஒரு பாடத்தோடு நின்றுவிடும். அட்டவணையே இல்லாத இடத்தில் பதினைந்து வாரத்தின் மெதுவான ஓட்டம்தான் தாங்கும். எந்த வகையானாலும் ஒரு நேரத்தில் ஒரே பாடம்.

வரிசையில்தான் சூட்சுமம் இருக்கிறது. நிறுவன நடத்தை, மனிதவளம், வணிக அறநெறி, உத்தி போன்ற வாசித்து எழுதும் பாடங்களைக் களத்துக்கு ஒத்திவைக்கலாம்; அவற்றுக்கு ஒரு மடிக்கணினியும் இறக்கிவைத்த கட்டுரைகளும் போதும். கணக்கியல், புள்ளியியல், நிதி மூன்றையும் இணையமும் அமைதியும் உள்ள பதவியில் இருக்கும்போதே முடித்துவிட வேண்டும். அவற்றில் ஒரு வாரம் விட்டால் அடுத்த வாரம் புரியாது. குழுவாக ஆடும் வணிகச் சிமுலேஷனும் இறுதித் திட்டப்பணியும் இதே பெட்டியில்தான். புதிய பதவியில் முதல் மூன்று மாதமும், ஸ்டாஃப் காலேஜ் ஆண்டும் எந்தப் பாடமும் வேண்டாம். நீலகிரியின் வெலிங்டனில் உள்ள முப்படை ஸ்டாஃப் காலேஜ் மாதிரியான இடத்தில் படிப்பவர் ஏற்கெனவே முழுநேர மாணவர்தான்.

ஒரு அசைன்மென்ட்டுக்கு எவ்வளவு நேரம் ஒதுக்குவது என்பதற்குப் படையே தந்த கருவி ஒன்று இருக்கிறது. 1950-களின் இறுதியில் அமெரிக்கக் கடற்படை, பொலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக 'பெர்ட்' முறையை உருவாக்கியது. எல்லாம் நன்றாக நடந்தால் ஆகும் நேரம், வழக்கமாக ஆகும் நேரத்தின் நான்கு மடங்கு, எல்லாம் கெட்டால் ஆகும் நேரம் மூன்றையும் கூட்டி ஆறால் வகுப்பது. 4 மணி, 6 மணி, 14 மணி என்றால் எதிர்பார்ப்பு 7 மணி. மனம் 6 என்று சொல்லும் இடத்தில் காகிதம் 7 என்கிறது. பாடம் முழுவதற்கும் அந்த ஒரு மணி சேர்ந்துகொண்டே போகும்.

இணைப்பும் தேர்வும்

நொடிக்கு 1.5 மெகாபிட் வேகத்தில் ஓடும் ஒரு மணி நேரக் காணொளி சுமார் 675 மெகாபைட் தின்னும். அதே விரிவுரையின் ஒலியை மட்டும் 64 கிலோபிட்டில் எடுத்தால் 29 மெகாபைட்டுக்குள் அடங்கிவிடும். எழுத்து வடிவம் சில நூறு கிலோபைட் கூட வராது. ஆகவே நல்ல இணைப்பு இருக்கும் கடைசி இரவில் இறக்க வேண்டிய வரிசை: முதலில் பாடத்திட்டமும் மதிப்பீட்டு விதிகளும், பிறகு விரிவுரைகளின் எழுத்து வடிவம், பிறகு வாசிப்புக் கட்டுரைகள், அப்புறம் ஒலி, இடம் மிஞ்சினால் காணொளி. பலரும் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு, காணொளி பாதி இறங்கிய நிலையில் வண்டி ஏறுகிறார்கள். மின்னூல் வாங்கும்போது இணையம் இல்லாமல் எத்தனை நாள் திறக்கும் என்று பார்க்கவும். உரிமச் சரிபார்ப்புக்காகச் சில நாளுக்கொரு முறை இணைப்புக் கேட்கும் நூல் கப்பலில் வெறும் சின்னமாகத்தான் இருக்கும்.

புவிநிலைச் செயற்கைக்கோள் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. கேள்வி போய்ப் பதில் வர அரை நொடிக்கு மேல் ஆகும். அசைன்மென்ட் அனுப்ப அது பொருட்டல்ல. கேமரா வழியே கண்காணிக்கும் தேர்வுக்கு அது எமன். இணைப்பு அறுந்தால் தேர்வு ரத்து, தாமதித்தால் சந்தேகக் குறி. இன்னும் பெரிய சிக்கல் வேறு. தேர்வு தொடங்கும் முன் அறையைச் சுற்றிலும் கேமராவில் காட்டச் சொல்வார்கள். பாசறையிலோ கப்பலிலோ அது கூடவே கூடாது. தேர்வு மென்பொருள் கணினியின் நிர்வாக உரிமையைக் கேட்கும், ஆகவே அலுவலகக் கணினியில் அதை நிறுவவும் முடியாது, நிறுவ நினைக்கவும் கூடாது. தீர்வு, பாடத்தில் சேரும் முன்பே ஆசிரியருக்கு எழுதுவது: மாற்று நாள், நேரில் கண்காணிக்க ஒப்புக்கொள்ளப்பட்ட ஒருவர், அல்லது தேர்வுக்குப் பதில் எழுத்துப்பணி. தேர்வுக்கு இரண்டு நாள் முன் கேட்டால் சாக்கு என்பார்கள்.

காலக்கெடுவை எல்லாம் ஜூலு நேரத்தில் (உலகப் பொது நேரமான யூ.டி.சி.) எழுதிவைப்பது அதிகாரிகளுக்குப் பழகிய வேலை. அமெரிக்கக் கிழக்குக் கடற்கரையின் ஞாயிறு இரவு 23:59, கோடையில் திங்கள் 0359 ஜூலு. நவம்பரில் கடிகாரத்தைத் திருப்பியதும் 0459 ஜூலு. வசந்தத்தில் அது மீண்டும் ஒரு மணி நேரம் முன்னால் வரும். அசைன்மென்ட்டுகள் தவறிப்போவது இந்த வசந்த வாரத்தில்தான்.

உள்நுழையும் சங்கேதம் குறுஞ்செய்தியில் வருவதாக இருந்தால், வெளிநாட்டில் சிம் வேலை செய்யாத நாளில் பல்கலைக்கழகத்தின் கதவு மூடிவிடும். கிளம்பும் முன்பே, சங்கேதத்தைக் கைபேசியிலேயே உருவாக்கும் செயலிக்கு மாறி, அவசரக் குறியீடுகளை அச்சிட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

குழுப்பணியில் அதிகாரிக்கு இயல்பாகத் தலைமை வந்து ஒட்டிக்கொள்ளும். வாங்கிக்கொள்ளக் கூடாது. திடீரென்று காணாமல் போகக்கூடிய ஆள் ஒருங்கிணைப்பாளராக இருந்தால் மற்ற நால்வரும் மூழ்குவார்கள். தரவுத் தொகுப்பு, முதல் வரைவு மாதிரி முன்பே முடித்துக் கையளிக்கக்கூடிய வேலையைக் கேட்டு வாங்குவதே மரியாதை.

மதிப்பெண் எங்கே போகிறது

படை அலுவலகத்தில் போன வருஷக் கோப்பை எடுத்துத் தேதியையும் பெயரையும் மாற்றி அனுப்புவது திறமை. பல்கலைக்கழகத்தில் அதற்குப் பெயர் எழுத்துத் திருட்டு. முந்தைய பாடத்தில் தானே எழுதிய இரண்டு பத்தியை மறுபடி ஒட்டுவதும் அப்படித்தான் கணக்காகும். பதினைந்து ஆண்டு ஸ்டாஃப் வேலை பார்த்த நேர்மையான ஆள் மாட்டிக்கொள்ளும் இடம் இது, கெட்ட எண்ணமே இல்லாமல்.

தலைமைத்துவப் பாடத்தில் அதிகாரிகள் குறைந்த மதிப்பெண் வாங்குவது வெளியே இருப்பவர்களுக்கு வியப்பாக இருக்கும். காரணம் எளிது. 'நல்ல தலைவன் முன்னே நிற்க வேண்டும்' என்று உத்தரவு பாணியில் எழுதுகிறார்கள். மதிப்பிடுபவர் தேடுவது அந்தக் கூற்றை எந்த ஆய்வு ஆதரிக்கிறது, எது மறுக்கிறது, எந்தச் சூழலில் அது பொய்க்கும் என்பதை. அனுபவம் சான்றாக ஒரு வரி இருக்கலாம். வாதமாக இருக்க முடியாது. முடிவை முதல் வரியில் சொல்லும் படைப் பழக்கத்தை மட்டும் விட வேண்டியதில்லை, அதைப் பேராசிரியர்களும் ரசிப்பார்கள்.

உண்மையான மலை நிதி. படையில் பணம் என்பது ஒதுக்கீடு: இவ்வளவு வந்தது, நிதியாண்டு முடிவதற்குள் செலவழிக்க வேண்டும், செலவாகாதது திரும்பிப் போகும். பணத்துக்கு விலை உண்டு என்ற எண்ணமே அங்கே எழாது. இன்று 1,000 போட்டால் மூன்று ஆண்டுக்கு ஆண்டுதோறும் 400 வரும் என்று ஒரு திட்டம். மொத்தம் 1,200, லாபம் 200 என்று ஒதுக்கீட்டு மனம் சொல்லும். பணத்தின் விலை ஆண்டுக்கு 10 சதவீதம் என்று வைத்து, காத்திருக்கும் ஒவ்வொரு ஆண்டுக்கும் ஒரு முறை 1.1-ஆல் வகுத்துப் பார்த்தால் முதல் 400-இன் இன்றைய மதிப்பு 363.64, இரண்டாவது 330.58, மூன்றாவது 300.53. கூட்டினால் 994.75. ஐந்தேகால் நஷ்டம். இந்த ஒரு கணக்கைக் கையால் பத்து முறை போட்டவருக்கு நிதிப் பாடத்தின் பாதி பயம் போய்விடும். விரிதாள் பிறகு வரட்டும்.

கணக்கியலில் லாபமும் ரொக்கமும் வேறு என்பதில் தடுமாற்றம் வரும். விற்பனை நடந்த அன்றே வருமானம் பதியும். பணம் மூன்று மாதம் கழித்து வரலாம். லாபத்தில் இருக்கும் கம்பெனி சம்பளம் கொடுக்க முடியாமல் மூடலாம். எரிபொருள் கணக்கு பார்த்த லாஜிஸ்டிக்ஸ் அதிகாரிக்கு இதைச் சொல்ல எளிய வழி உண்டு: காகிதத்தில் ஒதுக்கிய டீசல் வேறு, டேங்கில் இருக்கும் டீசல் வேறு.

செயல்பாட்டு மேலாண்மைதான் அதிகாரியின் சொந்த வீடு. ஜார்ஜ் டான்ட்சிக் 1947-இல் அமெரிக்க விமானப்படைக்காகத் திட்டமிடல் கணக்குகளில் உழன்றபோதுதான், கட்டுப்பாடுகளுக்குள் மிகச் சிறந்த விடையைத் தேடும் சிம்ப்ளெக்ஸ் முறை பிறந்தது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவ விமானப் பிரிவின் புள்ளிவிவரக் கட்டுப்பாட்டில் வேலை பார்த்த அதிகாரிகள் சிலர் 1946-இல் ஒரே குழுவாக ஃபோர்டு கம்பெனிக்குப் போனார்கள். அவர்களில் ராபர்ட் மெக்னமாரா பின்னாளில் அந்தக் கம்பெனியின் தலைவராகி, அங்கிருந்து பாதுகாப்பு அமைச்சரும் ஆனார். எண்ணை மட்டும் நம்பினால் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு வியட்நாம் போரில் கொல்லப்பட்ட எதிரிகளின் எண்ணிக்கையை வெற்றியின் அளவாகக் கொண்ட அவர் காலத்துப் பிணக்கணக்கும் இதே பாடத்தில் வரும், வர வேண்டும்.

உதாரணம் தேடும்போது சொந்தப் பிரிவை எடுக்கத் தோன்றும். வாகனங்கள் எத்தனை தயார் நிலையில், உதிரிபாகம் எத்தனை நாள் தாமதம், எத்தனை பேர் குறைவு: ஒவ்வொன்றும் தனித்தனியே சாதாரணமாகத் தெரியும், விவாதப் பலகையில் பல நாட்டு மாணவர்கள் முன் ஒன்றாக வைத்தால் அது உளவுத் தகவல். பொது ஆண்டறிக்கை வெளியிடும் கம்பெனியை எடுத்துக்கொண்டால் பாதுகாப்பும் உண்டு, எண்களும் நிறையக் கிடைக்கும். இதைச் செயற்கை நுண்ணறிவுச் செயலியில் ஒட்டும் வரைவுகளுக்கும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

கடைசிப் பாடம் முடிந்ததும் பட்டத்துக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது. பாடங்கள் முடிந்தால் தானாக வந்துவிடாது, விண்ணப்பக் கெடு பெரும்பாலும் கடைசிப் பருவத்தின் தொடக்கத்திலேயே முடியும். சான்றிதழில் பெயரின் எழுத்துக்கூட்டல் பணிப் பதிவேட்டோடு ஒத்திருக்கிறதா என்று அப்போதே பார்த்துவிட வேண்டும். முகவரிக்குத் தற்போதைய பணியிடத்தைத் தராமல் மாறாத ஒரு வீட்டு முகவரியைக் கொடுங்கள். மூடி முத்திரையிட்ட மதிப்பெண் பட்டியல் இரண்டு பிரதி வாங்கி, ஒன்றைப் பிரிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.